கேள்வி கேட்காமல் திறந்த படம்

கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. இணைப்புகளைப் புதுப்பிக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்கிறது. மற்றவர்கள் ஈ விரட்டுவதுபோல அதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்த அம்மா அப்படியில்லை. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஃபைல், எந்த ஃபோல்டர் என்று உதடு அசைய வாசிக்கிறார். பிறகு, "சரி, வா" என்கிறார். வாசலில் நிற்கிற ஆளை வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். அதற்கப்புறம்தான் பட்டனை அழுத்துகிறார்.

நான் இரும்பு வேலைக்காரன். சொந்தமாக ஒரு பட்டறை. பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கவில்லை. படம் பார்த்து இரும்பு வெட்டத் தெரியும், அந்தப் படம் கம்ப்யூட்டருக்குள் என்ன பாடுபடுகிறது என்று தெரியாது. படம் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு.

ஆபீஸ் அவருடைய தம்பியுடையது. தம்பி இன்ஜினியர், கட்டடத்தின் பாரக் கணக்கெல்லாம் அவர் போடுவார். படம் அக்கா வரைவார். கீழே ஆபீஸ், நடுவில் தம்பி குடும்பம், மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையில் அக்கா. கணவர் போனபின் இதுதான் வேலை, இதுதான் வீடு. நாற்காலியில் ஒரு தலையணை, திரையின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு பேனா, எப்போதும் ஆறிய டீ. டீ கொண்டுவந்து வைக்கிற தம்பி மனைவி ஒரு நாள் என் காதுபடவே சொன்னாள்: "அக்கா, நீங்க அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம். மாமியார் தொல்லையாவது மிச்சமாயிருக்கும்."

"இதுவும் சண்டை போடும்டி, உனக்குத்தான் கேக்காது" என்றார் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சண்டை உண்மைதான். எந்த மூட்டுக்கு எத்தனை மில்லி தகடு என்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஓர் அட்டவணை இருக்கும். அது படத்தில் வரைந்ததில்லை. தம்பியின் எக்ஸெல் தாளிலிருந்து இணைப்பு வழியாக வந்து உட்கார்ந்திருப்பது. தாளில் தம்பி ஓர் எண்ணை மாற்றினால் அத்தனை படத்திலும் மாறும். தம்பியோ ஃபோல்டர் பெயரை இஷ்டத்துக்கு மாற்றுகிற ஆள். அன்றைக்குப் படங்களெல்லாம் தாளைக் காணாமல் தவிக்கும். "வீடு மாத்துறவன் விலாசம் சொல்லிட்டுப் போக வேணாமா?" என்று முனகியபடி ஒவ்வொன்றாக வழிகாட்டி மறுபடி சேர்த்துவைப்பார். தாள் கிடைக்காத படத்தைப் பார்த்தால், "பாவம், அப்பன் பேர் தெரியாம நிக்குது" என்பார்.

என் பட்டறைக் கம்ப்யூட்டர் ஓட்டை. அதில் படத்தைத் திறந்தால் அட்டவணை இருக்கிற இடம் காலியாக வரும். நடைபாலப் படம் வந்தபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மூன்றாம் மாடி உயரத்தில், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக ஒரு பாலம். போய்ச் சத்தம் போட்டேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"சரிண்ணே. உங்க காப்பிக்கு மட்டும் அட்டவணையை உள்ளேயே ஒட்டிக் குடுத்துடறேன். ஆனா ஒண்ணு. லிங்க்குங்கிறது ஜன்னல். ஒட்டினது போட்டோ. ஜன்னல்ல மழை பெஞ்சா தெரியும். போட்டோவுல என்னைக்கும் வெயில்தான்."

"எனக்கு வெயிலே போதும்மா" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிற்பாடு ஆஸ்பத்திரிக்காரர்கள், உடம்பை ஸ்கேன் செய்கிற பெரிய மெஷின் ஒன்றும் அந்தப் பாலத்தின் வழியேதான் போகும் என்றார்கள். தம்பி கணக்கைத் திருப்பிப் போட்டுத் தகடுகளைத் தடிப்பாக்கினார். அம்மா வழக்கம்போல இணைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? ஒட்டிய அட்டவணை அந்தப் பட்டியலில் வரவே வராது. புதுத் தேதி போட்டு எல்லாப் படங்களையும் அனுப்பினார். என் காப்பியும் புதுத் தேதியோடு, பழைய அட்டவணையோடு வந்தது. நான் வெட்டினேன், பற்றவைத்தேன்.

பாலத்தைத் தூக்கி வைக்கிற நாள். ஆஸ்பத்திரிக்குக் கிரேன் வந்துவிட்டது. ஒரு போல்ட் ஓட்டையில் சந்தேகம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "இருங்கண்ணே, உங்க காப்பியைத் திறந்து பார்க்கறேன்" என்றார். மௌஸ் சொடுக்குகிற சத்தம் ஒரு தடவை கேட்டு நின்றது.

"என்னம்மா?"

"அண்ணே... இது என்னைக் கேக்கவே இல்லியே."

"என்ன கேக்கல?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வேலை நடக்கிற இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் கைப்பை, காலில் வீட்டுச் செருப்பு. யாரிடமும் பேசாமல், தரையில் கிடந்த பாலச் சட்டகத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் டேப்பை வாங்கித் தகட்டின் விளிம்பில் வைத்தார்.

"பன்னெண்டு" என்றேன். "நீங்க குடுத்த படத்துல உள்ளதுதான்."

"இருபது இருக்கணும்ண்ணே. எல்லா மூட்டுலயும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, வரைஞ்சு குடுத்தது நீங்க. கிரேன் வந்து நிக்கும்போது வந்து இருபதுன்னா, நான் போய் எங்க முட்டிக்க?"

"உங்க வெட்டுல தப்பில்ல. தப்பு என்னுது. ஒட்டினதை மறந்துட்டேன்."

அதற்குள் தம்பியின் போன் வந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். நாங்களெல்லாம் கேட்டோம்.

"அக்கா, தூக்கட்டும் விடு. மேல போனப்புறம் ரெண்டு துண்டு வெச்சு வெல்டு அடிச்சுக்கலாம்."

"மேல போனப்புறம் யாரு தம்பி வந்து அடிப்பா? பெயின்ட் அடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"இன்னைக்கு நிறுத்தினா ஆஸ்பத்திரிக்காரன் அடுத்த வேலை தரமாட்டான். ஆபீஸை மூடிட்டு எங்க போறது? நீ எங்க போவ?"

அம்மா டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"படத்துல இருக்கிறது உன் பேருதான்க்கா. யோசிச்சுக்கோ. கெடப்போறது உன் பேரு."

"அதனாலதான் தம்பி, நானே வந்திருக்கேன்."

கிரேன்காரன் மேலேயிருந்து கத்தினான்: "அம்மா, தள்ளி நில்லுங்க! கொக்கி இறங்குது, மண்டையில பட்டா நான் பொறுப்பில்ல!" சங்கிலி கட்டத் தயாராக இருந்த என் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கொக்கி ஆடி ஆடி இறங்கி, அவர் நெஞ்சு உயரத்தில் வந்து நின்றது. கையிலிருந்த போனில் தம்பி இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். அம்மா அதை அப்படியே கைப்பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். தோளிலிருந்து பையைக் கழற்றி, அதன் வாரை, சங்கிலி மாட்ட வேண்டிய கிரேன் கொக்கியில் மாட்டினார்.