உட்காரக் கூடாத நினைவிடம்

விசில்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். தலைவரின் நினைவிடத்தில் தற்காலிகக் காவலாளி. ஆட்சியாளர்கள் எழுந்திரு என்று சொன்னபோதெல்லாம் நடுத்தெருவில் சப்பணம் போட்டு உட்கார்ந்ததால் பேர் வாங்கிய தலைவர் அவர். அவருக்கு எழுப்பிய பளிங்கு மேடையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் இவருடைய வேலை. கால் வலிக்கிறதென்று ஒரு கர்ப்பிணி படியோரம் சாய்ந்தால்கூட விசில் பறக்கும்.

வருகிறவர்களுக்குக் கதையும் சொல்வார். "தலைவர் யாரையும் அடிக்கல, திட்டல. உடம்பைத் தொளதொளன்னு விட்டுருவார். தூக்கணும்னா நாலு பேர் வேணும்." சொல்லிக்கொண்டே தோளைத் தொங்கவிட்டுக் காட்டுவார். வீட்டிலும் இதே ஒத்திகைதான். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி. இடையில் உட்கார ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும் என்று அங்குள்ள பெண்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தலைவரின் நினைவு நாளன்று அமைச்சர் மலர்வளையம் வைக்க வருவதாக இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால் விசில்காரரை நிரந்தரமாக்குவதாக நினைவிட மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். பல வருஷக் கனவு. அன்று பார்த்துச் சலவைக்கூடப் பெண்கள் கூட்டமாக வந்து பளிங்கு மேடையில் உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக மனைவி.

விசில் ஊதினார். யாரும் அசையவில்லை.

"அடியே, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே. எழுந்திரு."

"இத்தனை வருஷம் நின்னாச்சுங்க. இனிமே முடியாது."

"வீட்டுல போய் உட்காரேன்!"

"வீட்டுல எங்க உட்கார விட்டீங்க?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உடம்பைத் தொளதொளவென்று விட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியதே தவிர, அவள் நகரவில்லை.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. மேடையைப் பார்த்த அமைச்சர் உருகிப்போனார். "அடடா, அந்தப் போராட்டத்தை அப்படியே கண்முன்னாடி கொண்டுவந்துட்டீங்களே! யாரோட ஏற்பாடு?"

"நம்ம ஏற்பாடுதாங்க ஐயா," என்றார் மேலாளர், கூசாமல்.

"ஐயா, எங்களுக்கு ஸ்டூல் வேணும்," என்றாள் மனைவி.

"குரல்ல என்ன உணர்ச்சி!" அமைச்சர் கைதட்டினார். அவர்கள் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேலாளர் விசில்காரரின் முதுகில் தட்டினார். "உன் வேலை நிரந்தரம்யா. இப்ப இவங்களைக் காலி பண்ணு."

விசில்காரர் மனைவியிடம் குனிந்தார். "கேட்டியா? கிடைச்சிருச்சு. எழுந்திரும்மா."

"உங்களுக்குக் கிடைச்சதுல சந்தோஷங்க. எங்களுக்கு இன்னும் கிடைக்கலையே."

மேலாளரின் கண் தன்மேல் இருப்பது முதுகில் உறைத்தது. மற்ற காவலாளிகளைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கினார்கள். "தலையைப் பார்த்துப் பிடிங்கடா, இடிச்சிரப் போகுது," என்று அதட்டிக்கொண்டே வந்து, வாசலில் இறக்கினார்.

ஒவ்வொருத்தியாகத் தூக்கிக் கடைசி ஆளையும் வெளியே விட்டுத் திரும்பினால், மனைவி பழையபடி மேடையில் இருந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவனைப் பார்த்தாள்.

"அவசரமே இல்லைங்க. நிரந்தர வேலைதானே, மெதுவாத் தூக்குங்க."