றோசலின் ரீச்சர் பிரித்து வைத்த மூன்று சொற்கள்

எங்கள் ஒத்தசொல் கையேட்டுக் குழு, யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவை அண்மையில் ஏகமனதாக எடுத்தது. பூப்போட்ட தேநீர்க் கோப்பை ஒன்று வாங்குவது என்பதே அது. தலைவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். றோசலின் ரீச்சர் எதிர்க்கவில்லை. நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, தலைவர் வீட்டில் உள்ளது போலவே நீலப்பூப் போட்ட கோப்பையைக் கண்டுபிடித்து, பத்திரிகைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியபோது ரீச்சரின் தங்கை தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அக்கா போயிட்டா. விடிய எழும்பேல்லை."

நான் "ஓம்" என்றேன். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தேடும் குழுவின் உறுப்பினரிடம் அப்போது இருந்தது அந்த ஒரு சொல்தான். வேலணையில் இறங்கி, கோப்பையையும் கொண்டு ரீச்சரின் ஊரான சுருவிலுக்குப் போனேன்.

ரீச்சரிடம் படித்தவர்களுக்கும் அவருடன் படிப்பித்தவர்களுக்கும் நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. கடற்றொழில் குடும்பத்துப் பெண். வாழ்நாள் முழுவதும் தமிழ் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒத்தசொல் கையேடு ஒன்று தொகுக்க எங்களுடன் சேர்ந்தார். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், காணி பூமி உள்ளவர். மடத்துவெளியில் அவருடைய வீட்டு மண்டபத்தில்தான் கூட்டம் நடக்கும்.

ரீச்சரிடம் ஒரு சோதனை இருந்தது; வசனம்தான் அதில் நாற்காலி. "ஒரு சொல்லைக் கதிரையிலை இருத்தும். பிறகு அதை எழுப்பிப்போட்டு மற்றச் சொல்லை இருத்தும். கதிரை கிறீச்சிடாட்டில் ரெண்டும் ஒண்டுதான்" என்பார். தலைவர் ஒருநாள் 'உண்', 'சாப்பிடு', 'தின்' ஆகியவற்றை ஒரே பொருள் என்று எழுதி வந்தார். ரீச்சர் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்: "ஐயா, மத்தியானம் என்ன திண்டனீங்கள்?" தலைவரின் முகம் சுருங்கியது. "பாத்தீங்களோ, கிறீச்சிட்டிட்டுது." 'தின்' அன்றே தனியாகப் போனது.

தலைவர் வீட்டில் பூப்போட்ட கோப்பைகள் இரண்டு இருந்தன. மற்றவை இடப்பெயர்வில் உடைந்துவிட்டன என்று தலைவரின் மனைவி சொல்லுவார். உண்மையாகவே இருக்கலாம். எப்படியோ, தலைவருக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை, ரீச்சருக்கு எவர்சில்வர் பேணி. சூடு தாங்காததால் சேலைத் தலைப்பை மடித்துப் பேணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார். ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் வந்தபோது, என் கோப்பை அவருக்குப் போய், எனக்கும் பேணி வந்தது. ரீச்சர் என் பக்கம் குனிந்து, "இண்டைக்குத்தான் நீரும் நானும் ஒத்தசொல்" என்றார். வாய்க்குள் இருந்த தேநீர் எனக்குப் புரையேறியது. அடுத்த கூட்டத்தில் என் கோப்பை என்னிடம் திரும்பி வந்தது.

கடைசியாக அவர் வந்த கூட்டத்தில் 'சமமாக நடத்து' என்ற பதிவுக்கு வந்தோம். 'சமமாக எண்ணு', 'சமமாக வை', 'சமமாக நடத்து' என்று தலைவர் வரிசையாக எழுதி, இடையில் சமன் குறி போட்டிருந்தார். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மூண்டும் ஒண்டில்லை ஐயா."

"அப்ப கருத்து வேறயோ ரீச்சர்?"

"ஓம். எண்ணுறது மனசுக்குள்ளை, அதை ஒருத்தரும் பாக்க ஏலாது. வைக்கிறது கையாலை. நடத்துறது நாலு பேருக்கு முன்னாலை."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நான் ஒருநாளும் உங்களைக் குறைவா எண்ணினதில்லை" என்றார்.

"எனக்குத் தெரியும் ஐயா. எண்ணேல்லை."

தேநீர் போட்ட கையோடு குசினி வாசலில் தலைவரின் மனைவி நின்றார். "தம்பி, நீர் யாழ்ப்பாணம் போனால் இதே மாதிரி ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். தலைவர் அதையே தீர்மானமாக்கினார். கோப்பைக்கு உடனே அனுமதி கிடைத்தது. சொற்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது ரீச்சருக்கு மூச்சு வாங்கியது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோப்பையை விடும். அந்த மூண்டையும் சமன் குறி போட்டு அச்சடிக்க விட்டிடாதேயும். பிள்ளையள் நம்பிப்போடும். எண்ணினாலே போதும் எண்டு நினைச்சு வளந்திடுங்கள்." அவர் என்னிடம் எதையாவது கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடக்கத்துக்குத் தலைவர் வந்தார். செத்தவீட்டில் கைக்கு அகப்பட்ட பாத்திரங்களில் எல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ரீச்சரின் தங்கை நீட்டிய தட்டத்திலிருந்து தலைவர் எடுத்தது ஒரு எவர்சில்வர் பேணி. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். மறுபடி வலக்கைக்கு மாற்றினார். பிறகு சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து விரித்துச் சுற்றிப் பிடித்தார்.

"இது இப்பிடிச் சுடுமோ?"

"ஓம் ஐயா."

"ரீச்சர் ஒருநாளும் சொல்லேல்லையே."

 தலைவர் குடித்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. குடித்து முடித்த பிறகும் நெடுநேரம் நிமிர்த்தவில்லை. அந்த லேஞ்சி பிறகு கண்ணுக்கும் பயன்பட்டது.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கதிரையைத்தான். எந்தச் சொல் வந்தாலும் அதில் இருத்திப் பார்க்கிறேன். 'காலமானார்' என்பதை இருத்தினேன். 'மறைந்தார்' என்பதை இருத்தினேன். 'இறைபதமடைந்தார்' என்று பங்குக் கோவிலில் சொன்னதையும் இருத்திப் பார்த்தேன். எல்லாம் கிறீச்சிட்டன. பாலத்தில் வைத்துத் தங்கை சொன்ன 'போயிட்டா' மட்டும் சத்தமில்லாமல் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் சமன் குறிகளைத் தன் கையாலேயே வெட்டினார். மூன்று சொற்களும் கையேட்டில் தனித்தனிப் பதிவுகளாக வருகின்றன. நடத்துதலுக்கு ரீச்சர் சொன்ன விளக்கத்தையே போட்டிருக்கிறோம்.

தலைவர் வீட்டு அலுமாரியில் இப்போது பூப்போட்ட கோப்பைகள் மூன்று இருக்கின்றன. கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேர்.