வெறுந்தட்டு

1942 கோடையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஓடியவர்கள் மழைக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்து நான் மயிலாப்பூருக்கு வந்தேன். மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். மூலையில் பூட்டிக் கிடந்த ஒற்றை அறையை எனக்குக் கொடுத்தார்கள்.

எல்லோரும் என்னைப் போல கிறிஸ்தவ வேதக்காரர்கள்தான். ஒரே கோயில், ஒரே பூசை. ஆனால் என் கதவைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். கிணற்றடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். அபாயச் சங்கு ஒத்திகைக்கு ஊதினால் நாலு குடும்பமும் முற்றத்துப் பதுங்குகுழிக்கு ஓடும். நான் என் அறையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிடாத விருந்துக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் மேஜைக்கு அடியில் அழுதிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. யுத்தகாலத்தில் வெல்லம் தேடி நாயாய் அலைந்து, அதிரசம் சுட்டு, நாலு வீட்டுக்கும் தட்டில் கொடுத்தனுப்பினேன். நாலு தட்டும் கழுவித் துடைத்து வெறுமனே திரும்பி வந்தன. பலகாரம் போன தட்டை வெறுந்தட்டாக யார் கொடுப்பார்கள்? ஒரு பிடி சர்க்கரையாவது போடமாட்டார்களா? எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மறுநாளே வீட்டுக்காரரிடம் அடுத்த மாசக் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் முதல் முறையாக என் வாசலுக்கு வந்தாள். துறைமுகத்தில் வேலை செய்பவரின் மனைவி.

"இன்னா டீச்சரம்மா, காலி பண்றீங்களாமே?"

"வெறுந்தட்டு குடுக்கற எடத்துல எனக்கு என்ன வேலை?"

"துக்க வூட்லேர்ந்து பண்டம் போடலாமா? இந்த வருசம் இங்க யார் வூட்லயும் எண்ணெய்ச் சட்டி ஏறல."

"யார் செத்துப்போனது?"

அவள் என் அறையை மோவாயால் காட்டினாள். "இந்த ரூம்ல ஒரு தையல்காரம்மா இருந்துச்சு. ஒண்டிக்கட்டை. ஊரு காலியானப்போ நாங்கல்லாம் வண்டி கட்டிக்கினு போய்ட்டோம். எல்லா வூட்டு சாவியும் அதாண்டதான் குடுத்துட்டுப் போனோம். நீயும் வர்றியான்னு ஒருத்தரும் கேக்கல. காய்ச்சல்ல தனியாக் கெடந்து செத்திருக்கு. கோயில் உபதேசியாருதான் அடக்கம் பண்ணிக்கீறாரு. சொந்தமில்ல, பந்தமில்ல. ஆனா துக்கம் எங்களுதுதானே?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கதவாண்ட வந்தா அது மொகம்தான் தெரியுது. அதான் உங்களாண்ட பேச வாய் வரல."

அவள் போன பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். மொகலாய அரசர்கள் பட்டத்துக்கு வந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பழசு தெரியாவிட்டால் இன்றைக்கு நடப்பது புரியாது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள். நான் படுக்கும் அறையில் எனக்கு முன்னால் யார் படுத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஜன்னல் கம்பியில் ஒரு நூல் சுற்றியிருந்தது. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். யாரோ துணி காயப்போட்டது என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் போலவே இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக மனசு தாங்கவில்லை. எனக்காகவும்தான்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில் சங்கு ஊதியது. வழக்கம்போல மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். பாதி கட்டிய பெட்டி பக்கத்தில் இருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் எதிர்வீட்டு அம்மாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும், குழிக்குப் போகாமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா, நீங்களும் வர்றீங்களா?"

கேட்டது என்னை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தையல்காரம்மாவுக்கும் சேர்த்து அவர்களோடு போனேன்.