மீன் இல்லாத சோறு

மரக்காணம் உப்பளத்தோரம் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சுனாமி வந்துபோய் மூன்று மாதம். கடல் பக்கம் திரும்பாமல் இறங்கி நடக்கிறேன். உப்புக் குவியலின் மறைவில் ஒரு பெண் கைக்குழந்தைக்கு வெறும் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

"எங்க ஊர்ல பருப்பும் நெய்யும் போட்டுத்தான் ஊட்டுவோம்மா, வழுக்கிட்டு இறங்கும்" என்கிறேன்.

"எங்க குப்பத்துல மொத சோறு மீனோடதாங்க. அப்பாக்காரரே புடிச்சாந்து, முள்ளெடுத்து, அவரு கையால ஊட்டணும்."

"அவர் எங்கம்மா?"

"அலை இழுத்துட்டுப் போச்சுங்க. உடம்பு கிடைக்கல. மாமியாரு, 'எம்புள்ள வந்துடுவான், அதுவரைக்கும் ஊட்டாதே'ன்றாங்க. எனக்குப் பால் வத்திப்போச்சு. இது பசியில கத்துது."

சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வாய் வைக்கிறாள்.

"வெறும் சோறுதானுங்களே, இது மொத சோறா ஆயிடாதில்ல?"

"ஆகாதும்மா" என்கிறேன்.

குழந்தை இன்னும் வேண்டுமென்று வாயைத் திறக்கிறது.