சென்சார் மேல பொட்டு

இன்னிக்கு கீழ்பென்னாத்தூர்ல ஒரு ரிசப்ஷன். என் முதல் ஆர்டர்.

மேடையில, பொண்ணு மாப்பிள்ளை படம் காட்ட நான் செஞ்ச பலகை. நாலு மூலையிலயும் மிளகு சைஸுல ஒரு லைட் சென்சார். புரொஜெக்டர் வெளிச்சம் பட்டதும் மூலை எங்க இருக்குன்னு சென்சார் சொல்லிடும், படம் தானா பலகையில கச்சிதமா உக்காரும்.

வீட்டுல உக்காந்துச்சு. மண்டபத்துல மாப்பிள்ளை முகம் பாதி சீலிங் ஃபேன்ல, பாதி வாழைமரத்துல.

"பத்து நிமிஷத்துல பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறணும்ங்க"னு பொண்ணோட அப்பா வந்து நிக்கிறாரு. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுறேன்.

கடைசியா பலகை கிட்ட போய்ப் பார்த்தேன். நாலு சென்சார் மேலயும் சந்தனம், அதுமேல குங்குமம்!

"நான்தாங்க வெச்சேன். புதுப் பொருளாச்சே"ன்னாங்க பொண்ணோட அத்தை.

துடைக்கப் போனேன். "ஐயோ, நல்ல நேரத்துல பொட்டை அழிக்காதீங்க!"

"அழிக்கலம்மா, ஒரு விரல் தள்ளி வெச்சுக்கலாம்"னு கெஞ்சினேன். அவங்களே தள்ளி வெச்சாங்க. படம் டக்குனு உக்காந்துச்சு.

கோபப்படவும் முடியல. காலையில புரொஜெக்டருக்குப் பொட்டு வெச்சதே நான்தான்.

அடுத்த பலகையில சென்சாரை மாத்தி வெக்கணும். நம்ம ஊர்ல பொட்டு வெக்காத இடம்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க.