விளிம்பை மறந்த பாதம்

அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரம் கைதவறிக் கவிழ்ந்தது. கொதித்த நீர் முழுவதும் அவளுடைய வலது பாதத்தில் கொட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த கணவர், ஆவி பறக்கும் தரையையும் அதன் நடுவே சிலையாக நிற்கும் மனைவியையும் பார்த்துவிட்டு, கால் வெந்துவிட்டதா என்று பதறினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் இந்நேரம் கத்தியிருக்க வேண்டும் என்று. கொஞ்சம் பிந்தி, "ஆ" என்றாள். முகத்தைச் சுளித்து, நொண்டிக்கொண்டே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கணவர் நம்பிவிட்டார். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேரை நம்பவைத்த முகம் அல்லவா அது! அவர் மருந்து தடவும்போது, குனிந்திருந்த அவர் தலைக்கு மேலே அவள் உதடுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காலில் வலியே இல்லை. 

அவளை எல்லோரும் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குச்சிப்புடி ஆடுகிறவள். பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நின்று, கால்விரல்களால் அந்த விளிம்பைக் கவ்விக்கொண்டு, தாளம் பிசகாமல் தட்டையும் தன்னையும் சேர்த்தே மேடை முழுக்க நகர்த்திக்கொண்டு போவாள். அந்த ஆட்டத்துக்காகவே கூட்டம் கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும்.

அப்பா தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மா தையல்காரி. நடன வகுப்புப் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக மகளை அங்கே சேர்த்துவிட்டாள். கூடவே போன தம்பி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டுப் போட்டே நட்டுவனாராகிவிட்டான். ஜதி சொல்லி, கைத்தாளம் தட்டி, ஆடுகிறவளை நடத்திச் செல்லும் வேலை அது. ஆனால் அவளைப் பற்றி மட்டும் வாத்தியாருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. முகத்தில் உப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பதினாறு வயதுப் பெண் கூனிக்குறுகிப் போனாள். பிறகு ஒருநாள் அவளைத் தாம்பாளத்தில் ஏற்றினார்கள். ஏறிய மாத்திரத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். உப்பில்லாத முகத்தை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கால்மேல் இருந்தது.

அந்தக் கால்தான் இப்போது இல்லை. இருந்தது, ஆனால் இல்லை.

முதலில் பஞ்சை மிதிப்பதுபோல இருந்தது. அப்புறம் தரை சூடா குளிரா என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தரும் டாக்டர், வீட்டுக்குள்ளேகூடச் செருப்பில்லாமல் நடக்காதே என்று சொல்லியிருந்தார். செருப்பு மாட்டிக்கொண்டு தாம்பாளத்தில் ஏறவா என்று அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். கால் மரத்துப்போனதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏன் என்றால், அம்மா. அம்மாவுக்கும் சர்க்கரைதான். செருப்பு கடித்த ஒரு சின்னக் கொப்புளம். ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஒரு விரலை எடுத்தார்கள். மறுபடி போனாள், முழங்கால்வரை எடுத்தார்கள். மூன்றாம் முறை போனவள் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரி என்றாலே வெட்டுவார்கள் என்பது அன்றைக்கே அவள் நெஞ்சில் ஆணியடித்தாற்போல இறங்கிவிட்டது. 

அதனால் காலில்லாமல் ஆடப் பழகிக்கொண்டாள். பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் தட்டில் நிற்பவள் கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் பயம் சபைக்குத் தெரிந்துவிடும். எனவே ஒரு குழந்தைக் கண்ணனைக் கற்பனை செய்துகொண்டாள். அவன் தட்டைச் சுற்றித் தவழ்கிறான், அவள் கொசுவத்தைப் பிடித்து இழுக்கிறான். அவள் குனிந்து அவனைச் செல்லமாக அதட்டுவாள். அதட்டும் சாக்கில் தன் விரல்கள் விளிம்பில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வாள்.

சபை உருகிப்போனது. இந்த வயதில் அவளுடைய அபிநயம் கனிந்திருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். கணவர் அதை வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தம்பிக்கு மட்டும் சின்ன மனத்தாங்கல். "என்னக்கா, தட்டைச் சுத்தி குழந்தையெல்லாம் விளையாடுது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த தடவை தொட்டில் கட்டிடலாமா?" என்றான்.

"கட்டு. நீயே படுத்துக்கோ," என்றாள். சிரித்தான். அவளும் சிரித்தாள். தப்பித்தோம் என்றிருந்தது.

வெந்நீர்ப் புண் ஆறிய சில மாதங்களுக்குப் பிறகு ஒரு கல்லூரி அரங்கத்தில் நிகழ்ச்சி. கால்விரல்களுக்கும் பாதத்தின் ஓரத்துக்கும் செஞ்சாயம் பூசுவது ஒப்பனைக்காரியின் வேலை. சில மாதங்களாகத் தட்டக்கா அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தானே பூசிக்கொள்கிறாள். பாதத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் கூசவில்லை என்பது தெரிந்துவிடும். "வர வர அக்காவுக்கு என் கைமேல நம்பிக்கையே இல்ல," என்று ஒப்பனைக்காரி முணுமுணுத்தாள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவசர அவசரமாகப் பூசினாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

தாம்பாளத்தில் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏறினாள். தம்பியின் தாளம் எழும்ப, தட்டு உரசிக்கொண்டு நகர்ந்தது. குழந்தைக் கண்ணன் வந்தான். அவனை அதட்டக் குனிந்தாள்.

விளிம்பு சிவப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

சாயம் கலைகிறது என்று முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சாயம் எப்போதோ காய்ந்துவிட்டது. இடது காலுக்கு அடியில் விளிம்பு பளபளவென்று மஞ்சளாகத்தான் இருந்தது. வலது காலுக்கு அடியில் மட்டும் சிவப்பு. விரல்கள் விளிம்பைக் கவ்வவில்லை, வழுக்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு வழுக்கிவிட்டன? உள்ளே எதுவும் சொல்லவில்லை. கண்ணை எடுத்தால் தன் கால் எங்கே என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரித்தாள். 

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிர்நிறப் பலகைத் தரை அது. அவள் தட்டில் ஏறுவதற்கு முன்னால் சுற்றிவந்த வழியெங்கும் சிவப்பாக ஒற்றைக் கால் தடங்கள். வலது கால் தடங்கள் மட்டும். போகப் போகப் பெரிதாகியிருந்தன.

வேகம் கூட வேண்டிய இடத்தில் அவன் முத்தாய்ப்பு ஜதியைச் சொன்னான். பாட்டு அப்போது பாதியில்தான் இருந்தது. பாடகர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார். நட்டுவனார் முத்தாய்ப்பு சொல்லிவிட்டால் ஆடுகிறவள் முடித்தே ஆக வேண்டும். அவள் முடிக்கவில்லை. இப்போது இறங்கினால் இனி எப்போதும் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அவன் மறுபடியும் அதே ஜதியைச் சொன்னான், இந்த முறை மெதுவாக, குரல் உடைந்து. வாழ்நாளில் அவன் தாளம் அப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை.

இடது காலை இறக்கினாள். வலது கால் எங்கே என்று தெரியாமல் தடுமாறினாள். தட்டு கவிழ்ந்து பெருஞ்சத்தத்துடன் உருண்டோடியது. அவள் தரையில் விழுந்தாள்.

நிகழ்ச்சி நடக்கும்போது நட்டுவனார் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். தம்பி எழுந்து ஓடிவந்தான். அத்தனை பேர் முன்னாலும் அக்காவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். உள்ளங்காலைப் பார்த்தவன் முகம் வெளிறியது.

"அக்கா, இது வலிக்கலையா?"

"எது?" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரை இறங்கியது.

ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, போன வார ஒத்திகையில் சலங்கை மணி ஒன்று உடைந்து தெறித்திருக்கிறது என்று. அதன் கூரான பித்தளைத் துண்டு பெருவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. அதோடேயே அவள் நடந்திருக்கிறாள், குளித்திருக்கிறாள், ஆடியிருக்கிறாள், மேலே சாயமும் பூசியிருக்கிறாள். சீழ் எலும்புவரை போய்விட்டது, விரல் தப்பாது, பாதம் தப்புமா என்று அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அறுப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினாள். மனிதர் கண்ணீர் விட்டார். தம்பிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

"நிறுத்தியிருப்பேன்."

"அதான் சொல்லல." போர்வையை இழுத்துக் காலை மூடினாள். "அம்மாவை மாதிரி வெட்டி வெட்டியே அனுப்பிடுவாங்க, தம்பி. எனக்கு பயமா இருக்கு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். 

"அம்மா கால் கொப்புளத்தை நான் முன்னாடியே பார்த்தேன்க்கா. அம்மா துணியைச் சுத்தி மறைச்சு வச்சிருந்தாங்க. அக்காகிட்ட சொல்லாதே, அவளுக்கு அரங்கேற்றம் வருதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதால அம்மா போகல. நேரத்துக்குப் போகாம இருந்ததாலதான் நம்மளை விட்டுப் போனாங்க."

 அவள் இத்தனை வருஷம் பொத்திவைத்த பயம் அப்படியே இருந்தது. ஆனால் அது இத்தனை நாளும் தப்பான வாசலில் காவல் நின்றிருக்கிறது.

மறுநாள் அவள் சம்மதத்தோடு அறுவைசிகிச்சை நடந்தது. பெருவிரல் போய்விட்டது. பாதம் தப்பியது. பெருவிரல் இல்லாமல் தட்டின் விளிம்பைக் கவ்வ முடியாது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்து அழுதாள்.  தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதான்.

நர்ஸ் கட்டை மாற்ற வந்தபோது, அவள் வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டாள்.  பிறகு போர்வையை விலக்கி, யாரும் கேட்காமலே இடது காலை நீட்டினாள்.

"இதையும் கொஞ்சம் பாருங்கம்மா."

நர்ஸ் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். ஊசி முனையை எடுத்து உள்ளங்காலில் ஓரிடம், இன்னோரிடம் என்று மாற்றி மாற்றி வைத்து, தெரிகிறதா என்று கேட்டாள். 

"தெரியல," என்றாள். "அங்கயும் தெரியல. இன்னும் கொஞ்சம் மேல வச்சுப் பாருங்க."