கை கட்டினால் கோபமாம்

பிள்ளைகளே, அன்று வீட்டுக்கு வந்ததும் ‘அப்பா, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டீர்கள். உங்கள் மேல் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வேன் ஓட்டும் கோவிலம்பாக்கம் கம்பெனியில், ஆஸ்பத்திரிகளில் வைப்பதற்காகத் திரையில் பேசும் ஒரு பெண் டாக்டர் பொம்மையைத் தயார் செய்கிறார்கள். பேசினால் மட்டும் போதாதாம். மனுஷி மாதிரி தலையாட்ட வேண்டும், முகம் மாற வேண்டும். அதற்காக நம் பக்கத்து ஆட்களை அதனோடு பேசவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் இது சந்தோஷம், இது சந்தேகம் என்று பெயர் எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

அன்று செம்பாக்கத்திலிருந்து வீட்டு வேலை செய்யும் ஓர் அக்காவை அழைத்து வந்தேன். திரையில் வெள்ளைக் கோட்டோடு பொம்மை வந்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு முட்டிவலியைச் சொன்னார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி, நன்றாகப் படித்த பிள்ளைதான், அந்தப் படத்துக்குக் கீழே ‘கோபம்’ என்று போட்டார்.

“தம்பி, அக்கா எங்க கோவப்பட்டாங்க?” என்றேன்.

“கை கட்டியிருக்காங்கல்லண்ணா. எந்த அசைவுக்கு என்ன பேருன்னு குடுத்த லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு.”

“கோவமா ஒருத்தர் வந்தா பொம்மை என்ன பண்ணும்?”

“சிரிப்பை நிறுத்திடும். பின்னாடி சாஞ்சு, ஸ்ட்ரிக்டா பேசும்.”

அக்கா காதில் விழுந்துவிட்டது. “இன்னா தம்பி, டாக்டரம்மா முன்னாடி கைய வீசிக்கினா நிப்பாங்க? எங்க வூட்டுக்காரர்கிட்டதான் வீசுவேன். அப்ப வந்து படம் புடி!”

தம்பி சிரித்தார். ஆனால் மாற்றவில்லை. “லிஸ்ட் மேல இருந்து வந்ததுக்கா. என் கையில இல்ல.”

யார் எழுதிய லிஸ்ட்? கோயிலில், வாத்தியார் முன்னால், நாம் எதற்குக் கை கட்டினோம்? நீங்கள் யார் முன்னாலும் கட்ட வேண்டாம். அது வேறு பேச்சு. உடம்பு முடியாமல் வந்து பணிவாக நிற்கிறவரைப் பார்த்து ஒரு பொம்மை முகத்தைக் கடுமையாக்கும். என்ன தப்பு செய்தோமோ என்று அவர் பயந்து இன்னும் இறுக்கிக் கட்டுவார். பொம்மையின் முகம் இன்னும் கடுமையாகும்! இதற்குப் பெயர் கற்றுக்கொள்வதா?

என் குரல் உயர்ந்துவிட்டது.

“ஏண்ணா கோவப்படுறீங்க?” என்றார் தம்பி.

“கோவம்தான். நல்லா பாருங்க, நான் கை கட்டியிருக்கேனா?”

என் விரல் அவர் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்காவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிரிப் ஷீட் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘காலையில் வந்த அக்காவுக்குக் கோபம் இல்லை. மரியாதையாக நின்றார். இப்படிக்கு, வேன் டிரைவர்.’ தம்பியின் கீபோர்டு மேல் அதை வைத்து, ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மவுஸைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.